தாம்பாளத்தில் ஒரு 'என்னங்க'

அந்தக் கல்யாண மண்டபத்து மாடியில் உறவுமுறையை வைத்துத்தான் சீட்டாடுவார்கள். காசு வைத்து ஆடினால் சூதாட்டம் ஆகிவிடும். மண்டபத்துக்குக் கெட்ட பெயர்.

விஷயம் ரொம்பச் சுலபம். உங்களை ஒருவர் 'மாமா' என்று கூப்பிடுகிறாரா? அந்த மாமாவுக்கு ஒரு கொட்டைப்பாக்கு. அதைத் தாம்பாளத்தில் போட்டு ஆடலாம். தோற்றுப்போனால், அந்த ஆள் அடுத்த நிமிஷத்திலிருந்து ஜெயித்தவரைத்தான் மாமா என்பார். உங்களைப் பார்த்தால் யாரோ என்று ஒதுங்கிப் போவார். இதில் யாருக்கும் வருத்தம் கிடையாது. வருத்தப்படுகிற ஜாதி கீழேயே நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம்.

அருணகிரியும் முதலில் கீழேதான் உட்கார்ந்திருந்தார். பத்திரப்பதிவு ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரிட்டயர் ஆன அன்று சந்தன மாலையைப் போட்டுவிட்டு, அடையாள அட்டையோடு சேர்த்து 'சார்' என்ற சொல்லையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அது ஆபீஸ் சொத்தாம். மனுஷன் மறுபேச்சுப் பேசாமல் கொடுத்துவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டார்.

மனைவி கமலவேணி செத்துப்போய் வருஷங்கள் ஆகிவிட்டன. பிள்ளை குட்டி இல்லை. அண்ணன் மகள் வெண்ணிலா மட்டும் எப்போதாவது போன் போட்டு, "சித்தப்பா, எப்படி இருக்கீங்க?" என்பாள். "எனக்கென்னம்மா, ராஜா மாதிரி இருக்கேன்" என்பார் இவர். போனை வைத்ததும் அந்தச் 'சித்தப்பா'வை வெல்லக்கட்டி மாதிரி வாயில் ஒதுக்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். வேறு யாரோடும் பேச்சு இல்லாத வீட்டில் அது சாயங்காலம் வரை தாங்கும்.

வெண்ணிலாவின் கொழுந்தனுக்குத்தான் கல்யாணம். "கட்டாயம் வந்துடுங்க சித்தப்பா" என்றாள். வந்துவிட்டார்.

வாசலில் பன்னீர் தெளிக்கிற பெண் சொம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

"வெண்ணிலாவுக்குச் சித்தப்பா."

"எந்த வெண்ணிலா? உள்ள ஏழு வெண்ணிலா இருக்காங்க."

"கண்ணாடி போட்டிருக்கும்."

"ஏழு பேரும் போட்டிருக்காங்க. சரி, உள்ள போங்க. பன்னீர் இப்ப கெடையாது. சொந்தம் உறுதியானப்புறம் வந்து தெளிச்சுக்கங்க."

உள்ளே முகூர்த்தம் நடந்துகொண்டே இருந்தது. தாலி கட்டி முடித்த மாப்பிள்ளை எழுந்து வரிசையின் கடைசிக்குப் போனார். அடுத்த மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தார். கெட்டிமேளம் கொட்டியது. ஜனங்கள் போனிலிருந்து தலையைத் தூக்காமலே அட்சதை போட்டார்கள். யார் தலையிலோ விழுந்தது.

பெண்ணின் பெரிய மாமா பெடஸ்டல் ஃபேனாக மாறி ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அப்படி மாறினால்தான் வந்தவர்கள் எல்லோரையும் விசாரிக்க முடியும் என்று வீட்டில் முடிவு பண்ணியிருந்தார்களாம். "வாங்க, வாங்க" என்று ஒவ்வொரு நாற்காலியாகத் திரும்பிக்கொண்டே வந்தார். அருணகிரி தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு, முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு தயாராக இருந்தார். ஃபேன் அவருக்கு முந்தின நாற்காலி வரை வந்தது. 'டக்' என்றது. வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

அருணகிரி ஒரு நாற்காலி முன்னால் தள்ளி உட்கார்ந்தார். அடுத்த சுற்றில் ஃபேன் அதற்கும் ஒரு நாற்காலி முன்னாலேயே திரும்பிக்கொண்டது. சை, என்ன மனுஷன் இவர்!

அப்போதுதான் அருணகிரி மாடிக்குக் கிளம்பினார். ஆட்டத்தின் மேல் ஆசைப்பட்டு இல்லை. சீட்டாட்டத்தில் ஒரு சௌகரியம் உண்டு. உங்கள் முறை வந்தால் எல்லோரும் உங்களைப் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

மாடிப்படி, ஏறினால் நீளும். நின்றால் நீளாது. அதனால் பாதிப் பேர் படியிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். "நீங்களும் நின்னுடுங்களேன், எதுக்கு வீண் அலைச்சல்?" என்றார் ஒருவர். அருணகிரி அவரைச் சுற்றிக்கொண்டு ஏறினார்.

மாடி அறையில் ஜமக்காளம் விரித்து மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் வைத்திலிங்கம். நல்ல ஆகிருதி, நெற்றி நிறைய விபூதி. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி, அது நிறையக் கொட்டைப்பாக்கு. ஊரில் பாதிக்கு அவர் மாமா, மீதிக்குப் பெரியப்பா. அவருக்கு எதிரே கல்யாண போட்டோகிராபர் பெலிக்ஸ், கழுத்தில் கேமராவோடு. மூன்றாமவர் சுவர் மூலையில் சாய்ந்திருந்தார். அவர் கையில் சீட்டும் இல்லை, பாக்கும் இல்லை.

"உக்காருங்க," என்றார் வைத்திலிங்கம். "உங்ககிட்ட என்னென்ன இருக்கு?"

அருணகிரி யோசித்துச் சொன்னார். "அன்பான வாடிக்கையாளரேன்னு ஒரு அம்மா போன்ல கூப்புடும்."

"அது மூஞ்சியப் பாத்துக் கூப்புடுறதில்ல. செல்லாது. வேற?"

"டவுன்பஸ் கண்டக்டர் பெரியவரேம்பாரு. டீக்கடை மாஸ்டர் என்னைப் பாத்தா, வாங்க சக்கரை கம்மிம்பாரு."

"ரெண்டும் செல்லும். அப்புறம்?"

"அண்ணன் மக ஒன்னு. சித்தப்பான்னு கூப்புடும்."

"பேஷ். அவ்வளவுதானா?"

அருணகிரி கொஞ்சம் தயங்கினார். "என்னங்கன்னு ஒன்னு இருந்துச்சு. சம்சாரம் கூப்புட்டது."

"இப்ப இருக்காங்களா?"

"இல்ல."

"அப்ப அது காலிப் பாக்கு," என்றார் வைத்திலிங்கம். "பரவால்ல, வெச்சுக்கங்க. ஒரு வேளைக்கு ஆகும்."

நாலு பாக்கு கொடுத்தார்கள். அருணகிரி அவற்றை முட்டிக்கு முன்னால் வரிசையாக வைத்துக்கொண்டார். பிறகு மூலையைக் காட்டி, "சார் யாரு?" என்று கேட்டார்.

வைத்திலிங்கம் மூலையைப் பார்த்து வாயைத் திறந்தார். சொல் எதுவும் வரவில்லை. மூடிக்கொண்டார். பெலிக்ஸும் முயன்று பார்த்துவிட்டுக் கேமராவைத் துடைத்தார்.

"அவங்களால என்னைச் சொல்ல முடியாது," என்றார் மூலையில் இருந்தவர். "எல்லாத்தையும் வெச்சுத் தோத்துட்டேன். பேரும் போயிடுச்சு. நீங்க இப்ப ஒரு சார் சொன்னீங்க, பாருங்க, அதுகூட எம்மேல ஒட்டல."

"சாப்பாட்டுக்கு?"

"பந்திக்குக் கூப்புட ஆளில்ல. கூப்புடாமப் போயி எலையில உக்கார முடியுங்களா?"

முடியாதுதான். கூப்பிடாத பந்தியில் போய் உட்காருகிற ஜன்மம் இல்லை அருணகிரியும். பட்டினி கிடந்து செத்தாலும் சாவோமே தவிர, வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லாத இடத்தில் கை நனைப்போமா? "முடியாதுங்க" என்றார்.

"இது எத்தனாவது கல்யாணம்னு தெரியல. வாசனை மட்டும் மேல வரும்," என்றார் மூலையில் இருந்தவர். "இன்னிக்கி வத்தக்கொழம்பு."

வைத்திலிங்கம் சீட்டுப் போட்டார். ஆளுக்கு மூன்று சீட்டு. மூன்றும் ஒரே எண்ணாக வந்தால் அதை அடிக்க ஆளில்லை. வரிசையாக வந்தால் அதற்கு அடுத்தது. ஒரே கலராக, அதாவது மூன்றும் டைமன் அல்லது மூன்றும் ஆர்ட்டின் என்று வந்தால், அதற்கும் அடுத்தது. அதுவும் இல்லையென்றால் ஜோடி. ஆளாளுக்கு ஒரு பாக்கு போட்டுக்கொண்டே போகவேண்டும். பயந்தவர் கவிழ்த்துவிட்டுப் போகலாம், போட்ட பாக்கு போனதுதான். கடைசியில் இரண்டு பேர் நின்றால், ஒருவர் இன்னொரு பாக்கைப் போட்டு 'ஷோ' கேட்கலாம்.

எல்லோரும் ஆளுக்கு ஒன்று போட்டார்கள். அருணகிரி பெரியவரைப் போட்டார். பாக்கு தாம்பாளத்தில் விழுந்ததும், "பெரியவரே, படியில நிக்காதீங்க, உள்ள போங்க" என்று கண்டக்டர் குரல் கேட்டது. பெலிக்ஸ் போட்டதிலிருந்து, "போட்டோக்காரரே, இங்க ஒன்னு" என்றது யாரோ ஒரு குண்டு ஆள் குரல். வைத்திலிங்கம் ஒரு ஒன்றுவிட்ட மச்சானைப் போட்டார். அது வெறுமனே "மச்சான்" என்றுவிட்டுக் கிடந்தது.

அருணகிரி சீட்டைத் தூக்கிப் பார்த்தார். ஆர்ட்டின் ஆஸ். கிளாவர் ஆஸ். கூடவே ஒரு ஸ்பேடு ஒன்பது.

ஆஸ் ஜோடி. அவருக்கு மூக்கு வேர்த்தது.

இதை நல்ல சீட்டு என்று சொன்னால் பொய் இல்லை. ஜோடியில் இதற்கு மேல் ஜோடி கிடையாது. ஆனால் எவனோ ஒருத்தனிடம் மூன்று சீட்டும் ஒரே கலராக வந்து தொலைத்தால் இரண்டு ஆஸும் வாயைப் பொத்திக்கொண்டு உட்காரவேண்டியதுதான். இது ஆள் குறைந்தால் ஜெயிக்கிற சீட்டு. ஆள் கூடினால், யாரிடமாவது இதைவிடப் பெரிசாக ஒன்று இருந்தே தீரும். ஆகவே, இந்தச் சீட்டு கையில் இருக்கிறவன் முதல் காரியமாக ஆட்களை விரட்டவேண்டும்.

விதியைப் பாருங்கள். நாலு மனுஷரோடு உட்கார்ந்திருக்கலாம் என்று அத்தனை படி ஏறி வந்தவருக்கு இப்படி ஒரு சீட்டு.

அடுத்த சுற்றில் டீ மாஸ்டரைப் போட்டார். "வாங்க சக்கரை கம்மி" என்றது பாக்கு. பெலிக்ஸ் சளைக்காமல் ஒரு தம்பியைப் போட்டார். வைத்திலிங்கம் அப்போதுதான் தன் சீட்டை எடுத்து, கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். வயிற்றைச் சொறிந்துகொண்டார். வாளிக்குள் கையை விட்டு ஒரு மாமாவை எடுத்துப் போட்டார். "மாமா, பைக்கு சாவி" என்றது அது.

அவர் முகத்தில் ஒன்றையும் படிக்க முடியவில்லை. எப்படிப் படிப்பது? ஒரு மாமா போனால் அவருக்கு இன்னொரு மாமா. அத்தனை சொந்தம் உள்ளவன் நல்ல சீட்டுக்கும் போடுவான், நாசமாய்ப்போன சீட்டுக்கும் போடுவான். ஒன்றே ஒன்று வைத்திருக்கிறவன்தான் யோசிக்கவேண்டும்.

பெலிக்ஸை விரட்டவேண்டும் என்று அருணகிரி தீர்மானித்தார். மிச்சம் இருந்தது இரண்டு பாக்கு. காலிப் பாக்குதானே என்று 'என்னங்க'வை எடுத்தார். பெரிய சீட்டு வைத்திருக்கிறவன் போல, கையைக் கொஞ்சம் உயரத் தூக்கி, தாம்பாளத்தில் போட்டார்.

"என்னங்க," என்றது பாக்கு.

கமலவேணியின் குரல். கொஞ்சம் அலுப்பு, கொஞ்சம் அவசரம். அடுப்பில் எதையோ வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே நிலைப்படிக்கு வந்து கூப்பிடுகிற குரல். இந்த உலகத்தில் அந்த ஒரு ஆளுக்குத்தான் அந்தக் குரல்.



"காலின்னீங்களே," என்றார் அருணகிரி.

"நீங்க இல்லன்னீங்க, நான் காலின்னேன்," என்றார் வைத்திலிங்கம்.

"நான் எடுத்துக்கறேன். வேற போடறேன்."

"போட்டது போட்டதுதான்."

பெலிக்ஸ் அருணகிரியையும் பாக்கையும் மாறி மாறிப் பார்த்தார். "சம்சாரத்தையே வெச்சுட்டாருன்னா கையில மூனும் ஒன்னாத்தான் இருக்கும். நான் வரலப்பா," என்று சீட்டைக் கவிழ்த்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார். அருணகிரி நினைத்தது நடந்துவிட்டது. இப்போது எதிரே ஒரே ஒரு ஆள்.

அந்த ஆள் அசையவில்லை. ஒரு மாப்பிள்ளையை எடுத்துப் போட்டார். "மாப்ள, எப்ப வந்த?" என்றது பாக்கு.

இப்போது அருணகிரி இரண்டில் ஒன்று சொல்லியாகவேண்டும். சீட்டைக் கவிழ்த்தால் சித்தப்பா மிஞ்சும். ஆனால் 'என்னங்க' வைத்திலிங்கத்துக்குப் போய்விடும். ஷோ கேட்பதென்றால் சித்தப்பாவைப் போடவேண்டும். ஜெயித்தால் எல்லாம் திரும்பி வரும். தோற்றால் ஒன்றுமே இல்லை.

மூலையில் இருந்தவர் சுவரோரமாகக் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டார். ஜமக்காளத்தைக்கூடக் கையால் தட்டிவிட்டார்.

"நீங்க எதை வெச்சுத் தோத்தீங்க?" என்று அருணகிரி அவரைக் கேட்டார்.

"ராஜா ஜோடி."

"அவருகிட்ட என்ன இருந்துச்சு?"

"ஆஸ் ஜோடி."

"அப்ப ஆஸ் ஜோடி நல்ல சீட்டுதானே?"

"அவருகிட்ட இருக்கறப்ப நல்ல சீட்டு," என்றார் மூலையில் இருந்தவர்.

அருணகிரி தன் இரண்டு ஆஸையும் இன்னொரு முறை பார்த்தார். பார்த்தால் மட்டும் பெருகிவிடுமா?

அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து வெண்ணிலாவின் குரல் வந்தது.

"சித்தப்பா! சாப்பிட வாங்க!"

படியேறி வருகிறாள். கொலுசுச் சத்தம் கேட்டது. அவள் ஏற ஏறப் படி நீண்டது. ஆனாலும் சின்ன வயசு, கால் வேகம். "சித்தப்பா, எங்க இருக்கீங்க? பந்தி போட்டாச்சு!" குரல் கிட்டத்தில் வந்துகொண்டிருந்தது.

"அந்தப் பொண்ணு நிலைப்படிக்கு வந்துட்டா நீங்க எந்திரிச்சுடணும்," என்றார் வைத்திலிங்கம். "சாப்பாட்டுக்குக் கூப்புட்டா ஆட்டம் கெடையாது. சீட்டைக் கவுத்ததா கணக்கு."

"இப்ப சித்தப்பாவைப் போட்டா?"

"பொண்ணு வழியிலயே நின்னுடும்."

பேசாமல் இருந்தால் போதும். பெண் வந்து கையைப் பிடித்து அழைத்துப் போவாள். வாழை இலை, வத்தக்குழம்பு, அப்பளம். எப்போதாவது ஒரு போன். மனுஷனுக்கு வேறு என்ன வேண்டும்? இந்த வயசில் இது ஒன்றும் குறைச்சல் இல்லை. இருக்கிறதைக் காப்பாற்றிக்கொண்டு எழுந்துபோகிறவனை யாரும் முட்டாள் என்று சொல்லமாட்டார்கள்.

அப்புறம் அவருக்கு ஒன்று தோன்றியது. நாளைக்குக் காலையில் வைத்திலிங்கம் தன் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உள்ளேயிருந்து கமலவேணி, "என்னங்க, வெந்நீர் ஆயிடுச்சு" என்பாள். இந்த ஆள் வயிற்றைச் சொறிந்துகொண்டே, "ம்" என்பார்.

அந்த 'ம்'மைத்தான் அருணகிரியால் தாங்க முடியவில்லை. தனியாக இருந்துவிடலாம். அது பழகிப்போன விஷயம். மூலையில் பெயரில்லாமல் உட்கார்ந்து வத்தக்குழம்பு வாசனை பிடித்துக்கொண்டு கிடக்கலாம். அவளுடைய குரலுக்கு இன்னொருத்தன் 'ம்' போடுவதை மட்டும் அனுமதிக்க முடியாது.

சித்தப்பாவை எடுத்துத் தாம்பாளத்தில் போட்டார்.

"ஷோ," என்றார்.

கொலுசுச் சத்தம் நின்றது. படியிலிருந்து வெண்ணிலா யாரையோ கேட்பது காதில் விழுந்தது. "நான் யாரைக் கூப்புட வந்தேன்?" படியில் நின்றுகொண்டிருந்த ஒருவர், "தெரியலியேம்மா" என்றார்.

வைத்திலிங்கம் முதல் சீட்டைத் திருப்பினார். டைமன் நாலு. இரண்டாவது, டைமன் ஜாக்கி.

"கலர்," என்று சொல்லி மூன்றாவதைத் திருப்பினார். சிவப்பு ராணி.

பெலிக்ஸ் குனிந்து பார்த்தார். "மாமா, இது டைமன் இல்ல. ஆர்ட்டின் ராணி."

வைத்திலிங்கம் சீட்டைத் தூக்கி, கையை நீட்டி, கிட்டே கொண்டுவந்து, மறுபடி நீட்டிப் பார்த்தார். "அட, ஆமா! ரெண்டும் செவப்பா இருக்கா, டைமன்னு நெனச்சுல்ல ஆடிக்கிட்டு இருந்தேன். கண்ணாடி மாத்தணும்யா."

ஆஸ் ஜோடி ஜெயித்துவிட்டது. எதிராளிக்குக் கண் தெரியாததால் ஆடிய ஆட்டத்தில், ஜெயித்தவருக்கும் எதனால் ஜெயித்தோம் என்று தெரியவில்லை. வைத்திலிங்கம் தாம்பாளத்தை அப்படியே தள்ளிவிட்டார். "எடுத்துக்கங்க. எனக்குக் கீழ கார்ல இன்னும் ரெண்டு வாளி இருக்கு."

படியில் கொலுசு மறுபடி கிளம்பியது. "ஆங்! சித்தப்பா!" என்றாள் வெண்ணிலா.

அருணகிரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாக்குகளை வாரி வேட்டி மடிப்பில் கட்டிக்கொண்டார். அதில் ஒரு மாமாவை எடுத்து மூலையில் இருந்தவரிடம் நீட்டினார். "இதை நீங்க வெச்சுக்கங்க."

"இல்ல, பரவால்லீங்க," என்றார் அவர்.

இரண்டாவது முறை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாங்கியிருப்பார். நம் ஜனங்களில் யார் முதல் தடவையே கை நீட்டுவார்கள்? அது அருணகிரிக்குத் தெரியாததா? தெரியும். சொல்ல வாயும் எடுத்தார். அதற்குள் மடிப்பிலிருந்து ஒரு பாக்கு நழுவி ஜமக்காளத்துக்கு அடியில் உருண்டுவிட்டது. எது போயிற்று என்று தெரியவில்லை. குனிந்து கையை உள்ளே விட்டுத் துழாவினார்.

"என்னங்க."

"இரு, வரேன்," என்றார் அருணகிரி, தலையைத் தூக்காமல்.

அது தானாக வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அதே பதில்தான். பேப்பர் கையில் இருந்தாலும் அதுதான், ரேடியோ காதில் இருந்தாலும் அதுதான், சும்மா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அதுதான். அவளும் மறுபேச்சுச் சொல்லாமல் உள்ளே போய்விடுவாள்.

பாக்கு அகப்பட்டது. எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். நிலைப்படியில் யாரும் இல்லை.

"இப்ப யாரு கூப்புட்டது?"

"உங்க சம்சாரம்தான்," என்றார் பெலிக்ஸ். "இங்க நின்னாங்க. அரக்கு கலர் பொடவை."

"எங்க போனா?"

"நீங்கதான் வரேன்னுட்டீங்களே. சரின்னுட்டு கீழ எறங்கிட்டாங்க."

"போட்டோ எடுத்தீங்களா?"

"சாப்புடுற போட்டோ மட்டுந்தான் எடுக்கச் சொல்லியிருக்காங்க."

அருணகிரி மடிப்பைப் பிரித்து ஒவ்வொரு பாக்காகத் தாம்பாளத்தில் போட்டுப் பார்த்தார். மச்சான் பேசியது. மாமா பேசியது. கண்டக்டர் பேசினார். ஜமக்காளத்துக்கு அடியில் கிடைத்த பாக்கு மட்டும் 'டக்' என்று விழுந்து பேசாமல் கிடந்தது. எடுத்துக் குலுக்கினார். காதில் வைத்துக்கொண்டார். மறுபடி போட்டார்.

"இல்லாதவங்க பாக்கு ஒரு தரந்தான் கூப்புடும்," என்றார் மூலையில் இருந்தவர். "பதில் சொல்லிட்டா தீந்துடும்."

இத்தனை ஆட்டம் ஆடி, இருந்த ஒன்றையும் வைத்து ஜெயித்தது அந்த ஒரு வார்த்தைக்காக. வந்த வார்த்தையைத் தலை நிமிர்ந்து கேட்கக்கூட இல்லை. பாழாய்ப்போன வாய்! அவர் தன் வாயில் தானே அடித்துக்கொண்டார்.

"சித்தப்பா, இங்கயா இருக்கீங்க? எலை போட்டாச்சு. வாங்க, வாங்க," என்று வெண்ணிலா வந்து கையைப் பிடித்தாள். அவர் இந்த முறை பதில் எதுவும் சொல்லாமல் எழுந்து போனார்.

கீழே அவருக்கு ஏகப்பட்ட வரவேற்பு. "மாமா, இந்தப் பக்கம் வாங்க" என்றான் ஒருத்தன். "மச்சான், எளைச்சுட்டீங்களே" என்றார் முன்பின் பார்த்திராத ஒருவர். "மாப்ள, எப்ப வந்த?" என்று இன்னொருவர் முதுகில் தட்டினார். அருணகிரி எல்லோருக்கும் தலையாட்டினார். கண்கள் மட்டும் அரக்குக் கலர் புடவையாகத் தேடிக்கொண்டிருந்தன. மண்டபத்தில் எத்தனையோ அரக்குப் புடவைகள் இருந்தன. ஒவ்வொன்றும் திரும்பியபோது வேறு முகம்.

சாப்பாட்டுக்கூடத்தில் மேஜைகள் ஒரே வரிசையாகக் கண்ணுக்கெட்டிய தூரம் போயின. வெண்ணிலா அவரை உட்காரவைத்துவிட்டு வேறு யாரையோ கூப்பிடப் போனாள். அவருக்குப் பக்கத்து இலை காலியாக இருந்தது. யாரோ உட்கார வந்தார்கள்.

"இல்லீங்க, ஆள் வருது," என்றார் அருணகிரி.

பொரியல் வாளியோடு வந்தவர் அந்த இலைக்கு நேராக நின்றார். "இங்க போடலாங்களா?"

"போடுங்க. இப்ப வந்துடும்."

பொரியல் விழுந்தது. கூட்டு விழுந்தது. சாதம், குழம்பு, அப்பளம். அருணகிரி தன் இலையில் கை வைக்கவில்லை. பக்கத்து இலையில் ஈ உட்காராமல் பார்த்துக்கொண்டிருந்தார். காத்திருப்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. மடியில் வைத்துப் பார்த்தார், மேஜையில் வைத்துப் பார்த்தார். இத்தனை வருஷம் அவள் எப்படித்தான் இருந்தாளோ?

வரிசையில் எல்லோரும் சாப்பிட்டு முடித்தார்கள். ஆனால் வரிசையில் ஒரு இலை முடியாமல் மற்றவர்கள் எழுந்துவிட முடியுமா? மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. காய்ந்த கையோடு அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்து சாப்பிட வேண்டியவர்கள் ஒவ்வொரு நாற்காலிக்கும் பின்னால் வந்து, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பாயசம் வந்தது. இரண்டாம் தடவை பாயசம் வந்தது.

எதிர் வரிசையில் ஒருவர் மெதுவாக எட்டிக் கேட்டார். "மாமா, அந்த எலைக்கு யாரு வராங்க?"

"என் சம்சாரம்."

"வரேன்னு சொல்லியிருக்காங்களா?"

அருணகிரி பக்கத்து இலைக்கு வந்த ஈயை விரட்டினார். "வரேன்னு சொன்னது நான்தான்," என்றார். "ஆனா எப்பவும் அவதான் திரும்பி வந்து ரெண்டாந் தரம் கூப்புடுவா."

"சரி, வரட்டும்," என்றார் எதிரே இருந்தவர்.

மோர் கொண்டுவந்தவர் பக்கத்து இலையைப் பார்த்துவிட்டு அருணகிரியைப் பார்த்தார். அருணகிரி தலையசைத்தார். அவர் அந்த இலையில் சாதத்தை நடுவில் கொஞ்சம் குழித்துவிட்டு மோர் ஊற்றினார்.